நல்ல சீட்டுக்கு எதற்குப் பதுங்கல்?

"நல்ல சீட்டு வந்தா பதுங்கு மாப்ள, கடைசியில பாயி."

கம்பம் பள்ளத்தாக்கில் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்த எவனும் இந்த உபதேசத்திலிருந்து தப்பியதில்லை. ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் ஆடினாலும் சரி, திருவிழா இரவில் கண்விழித்து ஆடினாலும் சரி, முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு மாமா இதைச் சொல்லாமல் நகர மாட்டார். கூடவே பழமொழியையும் சேர்த்துக்கொள்வார்: புலி பதுங்குவது பாய்வதற்கே. மூணு சீட்டுக்குச் சொன்னார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் ஹோல்டெம் போக்கரை ஊருக்குக் கொண்டுவந்தபோது அதற்கும் இதையே ஒட்டவைத்தார்கள். நாங்கள் ஆடுவதோ லிமிட் ஹோல்டெம். சீட்டாட்டங்களிலேயே இந்த உபதேசம் கொஞ்சமும் பொருந்தாத ஆட்டம் அதுதான். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி அருமையான சீட்டுகளை வீணடிக்கிறவர்களை வருடக்கணக்கில் பார்த்துப் பொறுத்துவிட்டேன். இனியும் பொறுப்பதற்கில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது காசு வைத்து ஆடச் சொல்லும் கட்டுரை அல்ல. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து அவை இரண்டையும் 2023 நவம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடுக்கும் ஒன்றியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்தத் தடையை நான் மனதார ஆதரிக்கிறேன். சீட்டில் குடும்பம் அழிந்த கதை இல்லாத தெரு நம் மாநிலத்தில் அரிது. நாங்கள் வைத்து ஆடுவது புளியங்கொட்டை. ஆனால் புளியங்கொட்டைக்கு ஆடினாலும் ஆட்டத்தைச் சரியாக ஆட வேண்டும் என்று நினைக்கிறவன் நான். சரியாக ஆடவிடாமல் தடுப்பது இந்தப் புலிதான்.

தெரியாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு திறக்கும், அது பிளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியில் ஒன்று, ரிவர். கையிலுள்ள இரண்டும் நடுவிலுள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் யாருடைய ஐந்து சிறந்ததோ அவருக்கே நடுவில் சேர்ந்த பந்தயம் முழுவதும், அதாவது பாட். சீட்டு திறக்கும் முன் ஒரு சுற்று, ஒவ்வொரு திறப்புக்கும் பிறகு ஒரு சுற்று, ஆக நான்கு சுற்றுப் பந்தயம். லிமிட் ஆட்டத்தில் பந்தயத்தின் அளவு கட்டிப்போடப்பட்டது. எங்கள் கணக்கில் முதல் இரண்டு சுற்றுக்கு 2 கொட்டை, அடுத்த இரண்டு சுற்றுக்கு 4 கொட்டை. ஏற்றினாலும் அதே அளவுதான் ஏற்றலாம். ஒரு சுற்றில் முதல் பந்தயமும் அதன் மேல் மூன்று ரைஸும்தான். அதற்கு மேல் யாரும் ஏற்ற முடியாது.

இந்தக் கடைசி மூன்று வரியைப் பதுங்கச் சொல்லும் ஒருவரும் காதில் வாங்கியதில்லை. இனி அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. "புலி பதுங்குவது பாய்வதற்கே."

பாய இடம் இருந்தால் பதுங்கலாம். லிமிட் ஆட்டத்தில் பாய இடமே கிடையாது.

இந்தப் பதுங்கல் கதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1988ஆம் ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டம். ஜானி சான் ஒரு பக்கம், எரிக் சைடல் மறுபக்கம். சானின் கையில் ஜாக்கியும் ஒன்பதும். பிளாப்பில் ராணி, பத்து, எட்டு. எட்டிலிருந்து ராணி வரை ஐந்தும் வரிசையாக அமைந்துவிட்டது. சைடலிடம் ராணி ஜோடி. சான் டர்னிலும் ரிவரிலும் ஒன்றும் தெரியாதவர்போலப் பந்தயம் வைக்காமல் தட்டிவிட்டார். சைடல் தன்னிடமிருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஆட்டம் முடிந்தது. சான் தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகச் சாம்பியன். அந்தக் காட்சியை 1998இல் வந்த 'ரவுண்டர்ஸ்' திரைப்படத்திலும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு உலகமெங்கும் போக்கரைப் படத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவனும் தன்னை ஜானி சான் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த ஆட்டம் நோ லிமிட். சைடல் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ள விதி இடம் கொடுத்தது. அதனால்தான் சான் காத்திருந்தது பலித்தது. முந்தைய சுற்றில் விட்டதை ரிவரில் பல மடங்காகப் பிடித்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டால் சான் செய்தது என்ன ஆகும்?

கணக்குப் போடுவோம். நோ லிமிட்டில் பாட்டில் 10 கொட்டை இருக்கிறது, எதிரில் ஒருவன். பிளாப்பில் நீங்கள் 10 வைக்கிறீர்கள், அவன் கொடுக்கிறான், பாட் 30. டர்னில் 30 வைக்கிறீர்கள், பாட் 90. ரிவரில் 90. அவனிடமிருந்து வந்தது 130. இதில் பிளாப்பிலும் டர்னிலும் பதுங்கியிருந்தாலும், ரிவரில் அவன் ஏமாந்து தன் 130ஐயும் தள்ளினால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. பாய்ந்து பிடித்துவிட்டீர்கள்.

லிமிட்டில் அதே ஆட்டம். பிளாப்பில் 2, டர்னில் 4, ரிவரில் 4. ஒளிவுமறைவில்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் வைத்துப் போனவனுக்கு எதிராளியிடமிருந்து வருவது 10. பதுங்குகிறவர் பிளாப்பில் தட்டிவிட்டார். டர்னிலும் தட்டிவிட்டார். ரிவரில் எதிராளி ஏமாந்து 4 வைக்கிறான். இவர் எழுந்து நின்று ரைஸ் செய்கிறார். அவன் இன்னொரு 4 கொடுத்துப் பார்க்கிறான். நினைத்தது நினைத்தபடி நடந்தது, ஒரு பிசகும் இல்லை. வந்தது எவ்வளவு? 8.

மறுபடியும் பாருங்கள். பதுங்கல் முழு வெற்றி பெற்ற அன்றைக்கு 8. பதுங்காமல் மந்தமாக வைத்துப் போன அன்றைக்கு 10. கூட்டம் கைதட்டுவது எட்டுக்கு. பத்தை எடுத்தவனைப் பார்த்து, "என்னடா மாப்ள, சீட்டைக் காட்டிக் குடுத்துட்டியே" என்கிறார்கள். பதுங்கியவர் தோற்ற நாட்களை இதில் நான் சேர்க்கவே இல்லை. எதிராளி ரிவரில் வைக்காமல் சும்மா காட்டிவிட்டால் இவருக்கு வருவது பூஜ்யம்.

"ரிவரில் நாலு தடவை ஏத்துனா 16 வருமே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். வரும். ஆனால் உங்கள் ரைஸுக்கு மேல் அவனும் ரைஸ் செய்தால்தான் வரும். அப்படி ஏற்ற அவன் கையிலும் பெரிய சீட்டு வேண்டும். அவ்வளவு பெரிய சீட்டு வைத்திருந்தவன் பிளாப்பிலும் டர்னிலும்கூட உங்களோடு மாறிமாறி ஏற்றியிருப்பான். பிளாப்பில் 8, டர்னில் 16, ரிவரில் 16, மொத்தம் 40 வந்திருக்க வேண்டிய இடத்தில் 16ஐ வாங்கிக்கொண்டு பெருமைப்படுகிறீர்கள். அவனுடைய சீட்டு சின்னதாக இருந்தாலும் பதுங்கல் நட்டம், பெரிதாக இருந்தாலும் நட்டம்.

லிமிட் ஆட்டத்தின் அடிப்படை இதுதான்: ஒரு சுற்றில் வைக்காமல் விட்ட பந்தயத்தை அடுத்த சுற்றில் வசூலிக்க முடியாது. பந்தயத்தின் அளவைக் கூட்டும் உரிமை உங்களிடம் இல்லை. போனது போனதுதான். இதைப் புரிந்துகொண்டவனுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் மாமாக்கள் விடமாட்டார்கள்.

2. "ரைஸ் பண்ணா எல்லாரும் ஓடிப்போயிருவாங்க."

எங்கள் ஊரில் இரண்டு கொட்டைக்குப் பயந்து எழுந்து போனவனை நான் பார்த்ததில்லை. பாட்டில் 16 கிடக்கும்போது 2 கொடுத்து அடுத்த சீட்டைப் பார்க்க எவன் யோசிப்பான்? ஓடுவார்கள் என்று சொல்கிறவர்தான் போன கையில் ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை வந்தார்.

3. "தட்டிவிட்டு, அடுத்தவன் வெச்சதும் ஏத்துனா ரெட்டிப்பு வசூல்."

செக் ரைஸ். பதுங்குகிறவர்களிலேயே கொஞ்சம் படித்தவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது. டர்னில் நானே வைத்தால் 4 வரும். தட்டிவிட்டு அவன் 4 வைத்த பிறகு நான் ஏற்றினால் 8 வரும். நான்கைவிட எட்டு பெரிது. உண்மைதான். அவன் வைக்காவிட்டால்?

எதிரில் ஒரே ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்தால் தவறாமல் கொடுத்துப் பார்க்கிறவன். அப்படிப்பட்டவர்கள்தான் நம் பலகையில் அதிகம். பத்து முறை நீங்களே வைத்தால் 40 கொட்டை. பத்து முறையும் தட்டினால், அவன் தானாக வைக்கும் முறைகளுக்கு மட்டும் முறைக்கு 8. அவன் ஐந்து முறை வைத்தால் 40, சரிக்குச் சரி. ஐந்துக்கு மேல் வைத்தால்தான் பதுங்கியதில் லாபம். அதுவும், நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு முறையும் அவன் இன்னொரு 4 கொடுத்தாக வேண்டும். பாதி முறை சீட்டைக் கவிழ்த்துவிட்டான் என்றால் அவன் பத்தில் ஏழு முறையாவது தானாக வைக்கிறவனாக இருக்க வேண்டும். கேட்டால் கொடுக்கிறவன், தானாக வைக்காதவன்: அவனைப் பொறுத்தவரை பத்தில் மூன்று முறை வைத்தாலே அதிகம். மூன்றெட்டு 24. நாற்பதை விட்டுவிட்டு இருபத்துநான்கை வாங்குவதற்கு இவ்வளவு நடிப்பு எதற்கு?

எதிரில் பலர் இருந்தால் இன்னும் மோசம். கையில் ஏழு ஜோடி, நடுவில் ராஜா, ஏழு, இரண்டு, ஐந்து. மூன்று ஏழு உங்களிடம். எதிரில் மூன்று பேர், மூவருக்கும் ஏதோ ஒரு ஆசை. நீங்கள் 4 வைத்தால் மூவரும் கொடுப்பார்கள், 12. பதுங்குகிறவர் தட்டுகிறார். அடுத்த இருவரும் தட்டுகிறார்கள். கடைசியில் உட்கார்ந்தவன் 4 வைக்கிறான். இவர் ஏற்றுகிறார். நடுவிலிருக்கும் இருவரும் இப்போது ஒரே மூச்சில் 8 கொடுத்தாக வேண்டும். நான்கு கொடுக்கத் தயங்காதவன் எட்டு என்றதும் சீட்டைக் கவிழ்க்கிறான். மீதமிருக்கும் ஒருவன் கொடுத்தது 8. நினைத்தபடி நடந்தும் 12க்குப் பதில் 8. வலையை விரித்தவரே இரண்டு மீனை வெளியே துரத்திவிட்டார். கடைசி ஆளும் தட்டிவிட்டிருந்தால் மொத்த வரவு பூஜ்யம்.

உங்களுக்கு அடுத்து உட்கார்ந்தவன் எதையும் வைத்தே தீரும் முரடனாக இருந்தால் மட்டும் தட்டுங்கள். அவன் வைத்து, மற்றவர்களும் நான்கு நான்காகக் கொடுத்த பிறகு ஏற்றினால் எல்லோரும் மாட்டுவார்கள். அது ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. "நல்ல சீட்டு வந்தா பதுங்கு" என்பது சீட்டை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு.

ரம்மியில் இந்தத் தவறை இதே ஆட்கள் செய்வதில்லை. கை சேர்ந்துவிட்டது, டிக் அடிக்கலாம் என்றால், 'எதிரில் இருப்பவன் இன்னும் கொஞ்சம் ஏமாறட்டும்' என்று எவராவது ஒரு சுற்று சும்மா உட்காருவாரா? எண்பது பாயிண்டோடு மாட்டக்கூடியவன் அந்த ஒரு சுற்றில் ஒரிஜினல் பிடித்து முப்பதுக்கு இறங்கிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். அவனே டிக் அடித்துவிடலாம் என்றும் தெரியும். அங்கே இருக்கும் புத்தி ஹோல்டெம் பலகைக்கு வந்ததும் எங்கே போகிறது?

4. "ஏஸ் ஜோடி எப்பவும் தோக்கும். ஏத்தாம பாரு."

52 சீட்டில் முதல் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம். அதில் ஏஸ் ஜோடி 6 விதம். சராசரியாக 221 கைக்கு ஒருமுறை வரும். இரவு முழுக்க ஆடினாலும் வராமலே போகலாம். அப்படி வருகிற சீட்டை ஏற்றாதே என்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணெதிரே அது தோற்றிருக்கிறது.

தோற்கத்தான் செய்யும். எதிரில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எதை வைத்து ஆடினாலும் ஏஸ் ஜோடி 100க்கு 85 முறை வெல்லும். நான்கு பேர் எதிரில் கடைசிவரை வந்தால் 56 முறைதான் வெல்லும். ஒன்பது பேர் வந்தால் 31 முறை. இந்த எண் இறங்குவதைக் காட்டி, "பாத்தியா, ஆளு கூடினா ஏஸுக்கு மதிப்பு போச்சு" என்கிறார்கள். பாதிக் கணக்கு. ஐந்து பேர் ஆடும்போது ஆளுக்கு நியாயமான பங்கு 100க்கு 20. உங்களுக்கு 56. உள்ளே போகிற ஒவ்வொரு ஐந்து கொட்டையிலும் நீங்கள் போட்டது ஒன்று, உங்களுக்கு உரியது ஏறக்குறைய மூன்று.

ஏற்றாமல் 2 கொட்டையோடு நிறுத்தினால் பாட் 10. சராசரியில் உங்கள் பங்கு 5.6. போட்டது போக மிச்சம் 3.6. நான்கு பந்தயம் வரை ஏற்றி, ஐந்து பேரும் 8 போட்டால் பாட் 40. உங்கள் பங்கு 22.4, மிச்சம் 14.4. பத்தில் நான்கு முறைக்கு மேல் தோற்றுக்கொண்டே, கைக்குப் பத்துக் கொட்டைக்கு மேல் கூடுதலாகச் சம்பாதிக்கிறீர்கள். தோற்ற முகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பாட்டை எண்ணாதவர்களுக்கு இது விளங்காது.

5. "ஒரு சீட்டு சும்மா பாக்கட்டும், என்ன ஆயிரும்?"

உங்களிடம் கறுப்பு ஏஸ் ஜோடி. நடுவில் ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நான்கு. எதிரில் மூன்று பேர். ஒருவனிடம் இரண்டு ஆட்டின் இருந்தால், இன்னும் ஒரு ஆட்டின் விழுந்தால் அவன் ஜெயித்தான். அவன் காணாத 47 சீட்டில் 9 ஆட்டின். அடுத்த சீட்டிலேயே வர 100க்கு 19 வாய்ப்பு, இரண்டு சீட்டும் பார்த்தால் 35. அவன் எப்படியும் கொடுத்துப் பார்ப்பான். பார்க்கட்டும், 2 கொட்டை கொடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் முன்னால் இருக்கும் நேரத்தில் அவனிடம் கட்டணம் வாங்காமல் கதவைத் திறந்துவிடுவது என்ன தந்திரம்?

இன்னொருவனிடம் ராஜாவும் ராணியும். நடுவில் பத்து விழுந்தால் அவனுக்கு வரிசை. நான்கு பத்துதான் கட்டில் உண்டு. 47இல் 4. வராத 43க்கு வருவது 4, ஏறக்குறைய பதினொன்றுக்கு ஒன்று. நான்கு பேரும் முதல் சுற்றில் ஆளுக்கு 4 போட்டதால் பாட் 16. நீங்கள் 2 வைத்தால் அவன் முன்னால் 18 கிடக்கும், அவன் கொடுக்க வேண்டியது 2. ஒன்பதுக்கு ஒன்று. பதினொன்று தேவைப்படும் இடத்தில் ஒன்பது கிடைக்கிறது. அவன் கொடுத்தால் பாட் கணக்குப்படி அது அவன் தவறு, உங்களுக்கு லாபம். கவிழ்த்தால் ஒரு ஆபத்து ஒழிந்தது, அதுவும் லாபம். நீங்கள் தட்டிவிட்டால் மட்டுமே அவன் தவறு செய்யாமல் தப்பிக்கிறான். எதிராளிக்குத் தவறு செய்யும் வாய்ப்பைக் கொடுக்காமல் பறிப்பதற்குத்தான் இவர்கள் வலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் திராட்சைக்காரர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இவர்கள் வளர்ப்பது 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர்த் திராட்சை. பழுத்த குலையைக் கொடியில் விட்டுவைத்து விலை ஏறட்டும் என்று காத்திருந்தால், ஒரு மழையில் பழம் வெடித்து அத்தனையும் போகும் என்று இவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பழுத்ததை அன்றே வெட்டுகிற கை, மூன்று ஏழைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறது.

6. "ஏத்துனா நம்ம சீட்டு தெரிஞ்சுபோகும்."

இரண்டு சுற்று தூங்கிவிட்டு டர்னில் திடீரென்று எழுந்து ஏற்றுகிறவனின் சீட்டுதான் பலகை முழுக்கத் தெரிகிறது. எப்போதும் வைக்கிறவனின் சீட்டு ஆட்டினைத் தேடுகிறதா, மூன்று ஏழா என்று யாருக்கும் தெரியாது.

7. "ரிவர்ல சும்மா காட்டிரு, எதுக்கு வம்பு?"

பதுங்கலின் தம்பி இது. நல்ல சீட்டுதான், ஆனால் உச்சமான சீட்டு அல்ல, ஒரு பெரிய ஜோடி என்று வையுங்கள். எதிராளி தட்டிவிட்டான், கடைசிப் பேச்சு உங்களுடையது. இங்கே எல்லோரும் சீட்டைத் திருப்பிக் காட்டிவிடுகிறார்கள். 4 வைத்தால் என்ன? அவன் பத்து முறை கொடுத்துப் பார்ப்பதில் ஆறு முறை உங்கள் சீட்டு பெரியது என்றால், ஆறு நான்கு 24 வருகிறது, நான்கு நான்கு 16 போகிறது. 8 மிச்சம். கொடுக்கிறவனில் பாதிக்கு மேல் உங்களுக்குக் கீழே இருந்தால் வைக்க வேண்டியதுதான். நான்கு முறை தோற்பது வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து எட்டை விடுகிறவர்கள், தாங்கள் நிதானமாக ஆடுவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

8. "கம்ப்யூட்டரே பதுங்குது."

இது அண்மையில் வந்த வாதம். போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பவுலிங்கும் அவர் குழுவினரும் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். அந்த நிரலின் பெயர் சீஃபியஸ். 4,800 செயலிகள் 68 நாள் கணக்குப் போட்டுக் கண்ட முடிவு அது. முதல் சுற்றில் நான்காவது பந்தயத்தை, அதாவது உச்சவரம்பைத் தொடும் கடைசி ரைஸை, சீஃபியஸ் ஏஸ் ஜோடியோடுகூட அநேகமாகச் செய்வதில்லை. இதைத்தான் கொண்டுவந்து வீசுகிறார்கள்.

அதே சீஃபியஸ் முதலில் பேசும் இடத்தில் இருந்தால், கையிலுள்ளது ஆடத் தகுந்த சீட்டு என்றால் ஏற்றுகிறது, இல்லையென்றால் கவிழ்க்கிறது. வெறுமனே கொடுத்துவிட்டு உட்காருவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதை எவரும் சொல்ல மாட்டார்கள். அது பதுங்குவதாகச் சொல்லப்படும் இடத்தில் ஏற்கனவே மூன்று பந்தயம் உள்ளே போய்விட்டது. நான்காவதை மட்டும் நிறுத்திக்கொள்கிறது, அதுவும் மிகச் சிறிய பந்தயம் நடக்கும் சுற்றில். அதன் எதிரில் ஒரே ஒரு ஆள், தவறே செய்யாத ஆள். உங்கள் எதிரில் ஐந்து பேர், ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை வருகிறவர்கள். பிழையே செய்யாதவனுக்கு எதிராகக் கண்டுபிடித்த ஒரு நுணுக்கத்தைப் பிழை மட்டுமே செய்கிறவர்களிடம் எதற்குக் கொண்டுவருகிறீர்கள்?

பதுங்க வேண்டிய நேரமே கிடையாதா என்று கேட்பவர்களுக்கு டேவிட் ஸ்க்லான்ஸ்கி எப்போதோ பதில் எழுதிவிட்டார். 'தி தியரி ஆஃப் போக்கர்' நூலில் அவர் வைக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள்: சீட்டு மிக மிக வலுவாக இருக்க வேண்டும், சும்மா பார்க்கும் சீட்டு எதிராளிக்கு இரண்டாவது இடத்தை மட்டுமே தர வேண்டும், வைத்தால் எல்லோரும் ஓடக்கூடிய நிலை இருக்க வேண்டும், பாட் இன்னும் சின்னதாக இருக்க வேண்டும். நான்கும் ஒன்றாக அமைவது எத்தனை அரிது என்பதை ஆடுகிறவர்கள் அறிவார்கள். இந்த உபதேசமோ நான்கையும் தூக்கி எறிந்துவிட்டு, நல்ல சீட்டு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது.

இது ஏன் இவ்வளவு காலம் சாகாமல் இருக்கிறது? பாய்ச்சல் கண்ணுக்குத் தெரிகிறது. ரிவரில் எழுந்து நின்று ஏற்றி எட்டுக் கொட்டையை வாரியவனைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். மூன்று பேரிடமிருந்து பிளாப்பில் வராமல் போன ஆறு கொட்டையையும் டர்னில் வராமல் போன பன்னிரண்டையும் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவை நடுவில் விழவே இல்லை. விழாத கொட்டையை எண்ணத் தெரிந்தவன்தான் இந்த ஆட்டத்தில் திறமைசாலி. நீதிமன்றங்களில் திறமை ஆட்டம் என்று வாதாடப்பட்டதே, அந்தத் திறமை லிமிட் ஹோல்டெமில் இருப்பது இந்த எண்ணிக்கையில்தான். முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வதிலோ கடைசியில் தொடை தட்டி எழுவதிலோ அல்ல. காசு வைத்து ஆடி அழிந்தவர்களும் இதே தவறைத்தான் வேறு அளவில் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன்: ஒரே பாய்ச்சலில் எல்லாம் வந்துவிடும் என்று காத்திருந்தார்கள், காத்திருந்த நேரத்தில் கசிந்து போனதைக் கணக்கில் எழுதவில்லை.

ஆகவே, கையில் நல்ல சீட்டு வந்தால் வையுங்கள். முன்னால் ஒருவன் வைத்துவிட்டால் ஏற்றுங்கள். அவன் ஏற்றினால் மறுபடியும் ஏற்றுங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று பதுங்கச் சொல்லும் மாமாவிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, பதுங்கிய ஒவ்வொரு கையிலும் எந்தெந்தச் சுற்றில் எத்தனை பேர் பந்தயம் கட்டாமல் அடுத்த சீட்டைப் பார்த்தார்கள் என்று ஒரு இரவு முழுக்க எழுதச் சொல்லுங்கள். விடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கூட்டட்டும். கூட்டி முடித்த பிறகும் புலியைப் பற்றிப் பேச அவருக்கு மனம் வந்தால், பேசட்டும்.